சட்டகம், தண்டு, காம்பு: பிளாஸ்டிக் படைவீரர் கிட்டுகளுக்கான சொற்கள்

எல்லாருக்கும் வணக்கம். உறுப்பு உறுப்பாக வெட்டி ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் படைவீரர் கிட்டுகளுக்குத் தமிழில் செய்முறை எழுத என்ன சொற்களை வைக்கலாம் என்று நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். உறுப்புகள் ஒட்டிக்கொண்டு வரும் சட்டத்தின் பகுதிகளான ஸ்ப்ரூ, ரன்னர், கேட் மூன்றுக்கும் இதுவரை வந்த சொற்களை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தம்பி ஒருவர் ரன்னருக்கு "ஓடி" என்று போட்டிருந்தார். தம்பி, கோபிக்க வேண்டாம், போர்க்களத்துப் படைவீரர்கள் இருக்கிற பெட்டியில் "ஓடி அ, ஓடி ஆ" என்று எழுதினால் யார் ஓடினது என்றுதான் கேட்பார்கள்.

ஐயா ஒருவர் சொன்ன வாய்க்கால், மடை வேறு மாதிரி. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. உருகிய பொலிஸ்ரைரீன் பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உலோக அச்சுக்குள் செலுத்தும்போது அது முதலில் இறங்கும் வழி ஸ்ப்ரூ, அதிலிருந்து பிரிந்து ஓடும் வழிகள் ரன்னர், ஒவ்வோர் உறுப்பின் குழிக்குள்ளும் புகுகிற ஒடுங்கிய வாய் கேட். தலைவாய்க்கால், கிளைவாய்க்கால், மடை என்று வைத்தால் அம்பாறைப் பக்கம் வயல் செய்தவருக்கு விளக்கவே தேவையில்லை. அச்சு செய்யும் தொழிலுக்கு இந்தச் சொற்களையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணமும்.

ஆனால் பெட்டியை உடைத்து மேசையில் வைப்பவன் எதையும் ஓடப் பார்ப்பதில்லை. அவன் கையில் இருப்பது இறுகிப்போன ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் கை, கால், தலைக்கவசம், துப்பாக்கி எல்லாம் தனித்தனியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அவனுக்கு நாம் எழுதப்போகும் முதல் வசனம் "இந்த இடத்தில் வெட்டு" என்பதுதான். "மடையை வெட்டு" என்றால் நம்மூரில் தண்ணீரைத் திறந்துவிடு என்று பொருள், உறுப்பைப் பிரித்தெடு என்று யாருக்கும் தோன்றாது. அதனால்தான் கேட்டுக்குக் காம்பு என்கிறேன். காம்பைக் கிள்ளத் தெரியாதவர் யார்? காம்பு இருந்தால் ரன்னர் தானாகவே தண்டு ஆகிவிடுகிறது. வெட்டிய இடத்தில் மிஞ்சுகிற சின்ன மேட்டுக்குக் காம்புத்தழும்பு. முழுச் சட்டத்துக்கும் சட்டகம். சட்டம் என்றே விடலாம்தான், ஆனால் நீதிமன்றச் சட்டம் குறுக்கே வரும். கொடி என்று ஒருவர் சொன்னதும் அழகுதான், ஆனால் கொடி பிடித்து நிற்கும் வீரனும் கிட்டில் வருவான், அப்போது என்ன செய்வது?

இன்னொன்று, ஆங்கிலத்தில் பேசும், கிட் செய்பவர்களே இந்த மூன்றையும் கலந்து எல்லாவற்றையும் ஸ்ப்ரூ என்றுதான் சொல்கிறார்கள். அவர்களே காக்காத வேறுபாட்டை நாம் முதுகில் சுமக்கத் தேவையில்லை. தண்டுத் துண்டு ஒன்றை மெழுகுதிரிச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து, அது பளபளத்துத் தொய்யத் தொடங்கும்போது சுடரிலிருந்து விலக்கி இரு பக்கமும் இழுத்தால் மயிரிழை போல நீளும், வானொலி அன்ரனாவுக்கு அதைத்தான் வைப்பார்கள். அதற்கு "தண்டிழை" என்று எழுதினேன், வாசித்த ஒருவரும் என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்தது சீம் லைன், அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் உறுப்பில் விழுகிற கோடு. "தையல்கோடு" என்று பெரும்பாலானோர் கைதூக்கியிருக்கிறீர்கள். கார், விமானம் செய்பவர்களுக்கு அது சரிவரலாம், படைவீரர் உருவத்துக்குச் சரிவராது. அச்சின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் கோடு பெரும்பாலும் காலின் பக்கவாட்டில்தான் ஓடும், காற்சட்டையின் உண்மையான தையலையும் அதே இடத்தில்தான் செதுக்கியிருப்பார்கள். "தையல்கோட்டைச் சுரண்டி எடுக்கவும்" என்று எழுதினால் புதிதாகச் செய்பவன் செதுக்கிய தையலையும் சேர்த்து வழித்துவிடுவான். அச்சுக்கோடு என்போம், குழப்பம் இல்லை. அச்சின் இடுக்கால் கசிந்து விளிம்பில் மெல்லிசாக நிற்கும் ஃப்ளாஷுக்குப் பிசிறு. அதில் விவாதமே வேண்டாம், தையற்காரர் முதல் கொல்லர் வரை இருக்கிற சொல்.

ஸ்கேல் பற்றி இந்தியாவில் இருக்கும் நண்பர்கள் அளவுகோல் என்கிறார்கள். இங்கே இலங்கையில் அது கோடு போடும் அடிமட்டத்தோடு முட்டும். நாம் பள்ளிக்கூடத்தில் புவியியல் படத்துக்குப் படித்த அளவுத்திட்டம் இருக்கிறதே. 175 சென்ரிமீற்றர் உயரமான ஆள் 1:35 அளவுத்திட்டத்தில் 5 சென்ரிமீற்றர், 1:72இல் இரண்டரைக்கும் சற்றுக் குறைவு. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 183 மீற்றர் நீளம், 1:700இல் செய்தால் 26 சென்ரிமீற்றர், ஒரு அலுமாரித் தட்டில் அடங்கிவிடும். 1:35 என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை என்பது தெரியும்தானே? 1960களின் தொடக்கத்தில் தமியா என்ற யப்பானியக் கொம்பனி செய்த பாந்தர் யுத்த தாங்கிக் கிட்டுக்குள் மோட்டாரும் பற்றரியும் அடங்க வேண்டியிருந்தது, அதற்கேற்ற பருமனில் செய்து பார்த்தால் கிட்டத்தட்ட 35இல் ஒன்றாக வந்தது. 1968இல் அவர்கள் தொடங்கிய படைவீரர் வரிசையும் அதே அளவுதான், பிறகு மற்றக் கொம்பனிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. எனவே சொல்லிலும் ஒரேயடியாகத் தர்க்கம் பார்க்கத் தேவையில்லை என்பேன்.

ஃபிகர் என்பதற்கு உரு என்று தனியே விட எனக்கு விருப்பமில்லை. எங்கள் பக்கம் உரு என்றால் அம்மன் கோயில் சடங்கில் ஏறுவது. சிற்றுரு நல்லது. பொம்மை வேண்டவே வேண்டாம், அதிலும் "ராணுவப் பொம்மை" என்றால் இங்கே எந்த ராணுவம் என்ற கேள்வி வரும், பிறகு சாயம் பூசுவதை விட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

உறுப்புகளைப் பொருத்தத் தொடுகிற, ஆங்கிலத்தில் சிமென்ற் என்கிற திரவத்தைப் பசை என்று எழுதினால் ஆட்கள் பள்ளிக்கூடத்துக் கம் போலப் பூசித் தள்ளுவார்கள். அது சும்மா ஒட்டுகிற பசை அல்ல, பொலிஸ்ரைரீனைக் கரைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடுகிற கரைப்பான். இரண்டு உறுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியால் இடுக்கில் தொட்டால் போதும், அது தானே உள்ளே ஓடிப் பரவும். கூடிப்போனால் சிற்றுருவின் முகமே கரைந்துவிடும். கரைபசை என்று வைத்தால் பெயரே எச்சரிக்கும். ரெசினிலும் உலோகத்திலும் ஏன் பிடிக்காது என்பதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார், அவர் மண்ணிலிருந்து கொண்டு கிட், டெக்கல் (தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் சின்னப் படம்) என்று எழுதலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். அந்த மாநாடு அறிவியல் பாடங்களுக்குச் சொல் தேடியது, நாம் தேடுவது சனிக்கிழமை பின்னேரம் மேசையில் கத்தியோடு இருப்பவனுக்கு. கிட் எல்லார் வாயிலும் இருக்கிறது, இருக்கட்டும்.

சரி, சொற்கள் ஓடுமா என்று பார்க்க ஒரு பந்தி எழுதினேன்: "சட்டகம் ஆவிலிருந்து 14ஆம் உறுப்பைக் காம்பருகே வெட்டி எடுக்கவும். காம்புத்தழும்பை அரத்தாளால் தேய்க்கவும். அச்சுக்கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி, தலைக்கவச விளிம்பில் பிசிறு இருந்தால் நீக்கிய பின் கரைபசை தொடவும்." வீட்டில் இந்த வேலையே தெரியாத ஒருவரிடம் கொடுத்தேன். "காம்பருகே" என்றால் எந்தப் பக்கம், உறுப்புப் பக்கமா தண்டுப் பக்கமா என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் வெட்டைத் தண்டுப் பக்கம் வைத்து, மிச்சத்தை இரண்டாவதாக ஒட்ட வெட்டினால்தான் உறுப்பு வெளிறாமல் வரும், அதனால் "முதலில் தண்டுப் பக்கமாக" என்று சேர்த்துவிட்டேன்.

டெக்கலுக்கு நீரொட்டி, நழுவுபடம் இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு இருந்தால் எழுதுங்கள்.