பெரியவர்களுக்குக் கத்தோலிக்க மறைக்கல்வி (சமயப் பாட) வகுப்பு எங்கே நடக்கிறது? திரும்பி வர ஆசை

தையல்காரி, பெரம்பூர்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது, வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம். ஞானஸ்நானம், புதுநன்மை (பூசையில் முதன்முதலாகத் திருஅப்பம் வாங்குவது), உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) எல்லாம் ஆயிற்று. 2004இல் பதிவுத் திருமணம். அவர் இந்து. அப்போது வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். அதோடு ஞாயிறு பூசை நின்றது.

முழுக்க விட்டுவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. பிப்ரவரி 11 லூர்து மாதா திருவிழாவுக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போவேன். ஆர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமையில் என் கணவரே வண்டியில் கூட்டிப்போய், தானும் மெழுகுவத்தி ஏற்றுவார். ஆனால் அது வேறு, பூசையில் நின்று நன்மை, அதாவது திருஅப்பம், வாங்குவது வேறு.

அம்மாவின் நினைவுப் பூசையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் நன்மை வாங்கப் போக, நானும் மகளும் மட்டும் பெஞ்சில். "நீ ஏம்மா போகல?" என்றாள். 17 வயதுப் பெண்ணுக்கு என்ன சொல்வது? விசுவாசப் பிரமாணமே (நாங்கள் நம்புவதைச் சொல்லும் ஜெபம்) எனக்குப் பாதியில் நிற்கிறது. ஜெபமாலையில் எந்தக் கிழமைக்கு எந்த தேவ ரகசியம் (இயேசு, மாதா வாழ்க்கையில் தியானிக்கும் நிகழ்ச்சிகள்) என்பது மறந்தே போச்சு. குழந்தைகளோடு ஞாயிறு வகுப்பில் உட்கார வெட்கம். பெரியவர்களுக்கென்று ஏதாவது உண்டா? அப்புறம், கணவரை மதம் மாறச் சொல்வார்களா? அவர் மாறமாட்டார், மாறவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

பழைய ஞாயிறு வாத்தியார், ராயபுரம்:
தங்கச்சி, நீங்கள் வகுப்பைக் கேட்கிறீர்கள், முடிச்சு இருப்பதோ திருமணத்தில். ஜெபம் மறந்ததற்காக யாரும் நன்மையை நிறுத்தமாட்டார்கள். திருச்சபையின் அனுமதியில்லாமல் நடந்த பதிவுத் திருமணம் சபையின் பார்வையில் செல்லாது. அதைச் சரிசெய்யும்வரை நன்மை வாங்க முடியாது, அவ்வளவுதான். உங்களைச் சபையைவிட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தமே இல்லை. பூசைக்கு இப்போதே போகலாம், அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) உட்காரலாம்.

சரிசெய்ய வழி இருக்கிறது. பங்குச்சாமியாரிடம் (உங்கள் பகுதிக் கோயிலின் பொறுப்புச் சாமியார்) போய் விஷயத்தைச் சொல்லுங்கள். ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழ் வேண்டும், பதிவுத் திருமணச் சான்றிதழும் கொண்டுபோங்கள். ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு தேவை. அதற்கு வாக்குக் கொடுக்கவேண்டியது நீங்கள் மட்டும்: உங்கள் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளை அதில் வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று. அந்த வாக்கைப் பற்றி உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியப்படுத்துவார்கள். அவர் மதம் மாறத் தேவையில்லை. பிறகு சாமியார், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் இருவரும் சம்மதத்தைப் புதிதாகச் சொல்வீர்கள். பந்தி, பத்திரிகை எதுவும் வேண்டாம்.

"ஒருமுறை கட்டியாச்சு, மறுபடி எதுக்கு" என்று அவர் முரண்டு பிடித்தாலும், பழைய சம்மதத்தையே ஏற்று ஆயர் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் முறை சபைச் சட்டத்தில் உண்டு. நாங்களாகக் கேட்காவிட்டால் இதை யாரும் சொல்வதில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஜெபமாலைக்கு வருகிறேன். திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழனுக்கு ஒளியின் தேவ ரகசியங்கள். இது 2002இல் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தது, சின்ன வயதில் நீங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை.

எண்ணூர்க்காரன்:
அக்கா, நான் வேறு வழியில் போய்த் திரும்பியவன். ஒரு பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானமே எடுத்தேன். திரும்பி வரும்போது "மறுபடியும் தண்ணியா?" என்று பயந்தேன். குழந்தையில் பெற்றதே என்றைக்கும் செல்லும் என்று சொல்லி, நல்ல பாவசங்கீர்த்தனம் (பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்யச் சொன்னார் சாமியார். வார்த்தை வராமல் முழித்தேன், அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து வைத்தார்.

வகுப்பு கிடைக்காவிட்டால் வீட்டிலேயே ஆரம்பியுங்கள். 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2865 பத்திகள், பார்த்தாலே மலைப்பாக இருக்கும். 2005இல் வந்த சுருக்கம் 598 கேள்வி பதில்தான். தையல் மெஷின் பக்கத்தில் வைத்து நாளுக்கு ஒன்றிரண்டு படிக்கலாம். பைபிளும் 73 புத்தகம் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். என்னிடம் இருந்தது 66, அதில் இல்லாத தோபித்து புத்தகத்தின் கதையே எனக்குத் தெரியாது!

வியாசர்பாடி வாசகன்:
ஒன்று மட்டும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு சாமியாரைப் பிடிக்காதீர்கள், நாலு பேர் சுற்றி நிற்பார்கள். வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள். எனக்கு ஒரு பங்கு அலுவலகத்தில் "இத்தனை வருஷம் எங்க போயிருந்தீங்க" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் கேட்டார்கள். நான் வேறொரு சாமியாரிடம் போனேன். நீங்களும் போகலாம், தப்பில்லை.

தையல்காரி, பெரம்பூர்:
ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். "சாட்சிக்கு உங்க அண்ணன் வருவானா, அதக் கேளு முதல்ல" என்றார். அது தனிக் கதை. மகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவள் கேட்டால் என்ன செய்வது?

பழைய ஞாயிறு வாத்தியார், ராயபுரம்:
நீங்கள் தேடிய பெரியவர் வகுப்பு உண்மையில் அவளுக்குத்தான். ஞானஸ்நானத்துக்கு ஏழு வயது தாண்டினாலே பெரியவர் கணக்கு. படிப்படியாகத் தயாரித்து, வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின) இரவில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நன்மை மூன்றையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஆனால் கேட்கவேண்டியது அவள். நீங்கள் கேட்க வைக்காதீர்கள். சாட்சிக்கு அண்ணன்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி நானே வருகிறேன்.