ரப்பர் கடை கணக்கு, ஆயிரத்துக்கு மேல டெக்ஸ்ட் ஃபைல், ஊர்வாரியா கூட்டணும்

குலசேகரத்துல எங்க மாமாக்க ரப்பர் ஷீட் கடை. நாலு வருசமா தினம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் சேந்து கிடக்கு, ஒவ்வொரு வரியிலயும் தேதி, ஊரு, ஆளு பேரு, கிலோ, விலைன்னு கமா போட்டு இருக்கும். எந்த ஊர்ல இருந்து எத்தன கிலோ வந்துன்னு மாமா கேக்காவ. எக்செல்ல ஒண்ணொண்ணா ஒட்டிப் பாத்தேன், நாப்பது ஃபைலுக்கே ஒரு மணி நேரம் போச்சு. ஸ்கிரிப்ட் எழுதலாம்னு சொல்லுதாங்க, எதுல தொடங்கணும்? ஒரிஜினல் ஃபைல் அழிஞ்சிருமோன்னும் பயமா இருக்கு.

தக்கலை பையன்:
லினக்ஸ் இருந்தா ஆக் (awk)னு ஒரு கமாண்டு போதும் மக்கா, டெக்ஸ்ட வரிவரியா பிரிச்சு கணக்கு போடும். 1977ல பெல் லேப்ஸ்னு அமெரிக்க ஆராய்ச்சிக் கூடத்துல இதுக்குன்னே எழுதுனது. கமாவ வச்சு பிரி, ரெண்டாவது பத்தில உள்ள ஊரு பேருல நாலாவது பத்தி கிலோவ கூட்டிக்கிட்டே போ, கடைசில பிரிண்ட் பண்ணு, எல்லாம் ஒரே வரிதான். ஃபைல படிக்கும், தொடாது.

மார்த்தாண்டம் அண்ணன்:
விண்டோஸ்னா பைத்தான்னு புரோகிராம் மொழி இருக்கு, அத போடு தம்பி. முதல்ல ஃபோல்டர அப்படியே காப்பி எடுத்து அதுல வேல செய், பயம் போயிரும். ஃபைல திறக்கும்போது என்கோடிங் (எழுத்த பைட்டா சேமிக்குத முறை) யூடிஎஃப்-8னு கண்டிப்பா குடு, இல்லன்னா தமிழ் கோழிக்கிறுக்கலா வரலாம். ஒவ்வொரு வரியா படி, கமால பிரி, டிக்ஷனரில (ஊரு பேருக்கு நேரா கிலோவ வைக்குத பட்டியல்) கூட்டு. பைத்தான்ல பத்தி எண்ணிக்கை 0ல தொடங்கும், அதனால ஊரு 1, கிலோ 3.

கேட்டவர்:
அண்ணே ஓடிச்சு, பத்து செகண்டு கூட ஆகல! ஆனா கொல்லங்கோடு மட்டும் ரெண்டு தடவ வருது, கண்ணால பாத்தா ஒரு வித்தியாசமும் இல்ல, ஸ்பேஸும் வெட்டிப் பாத்துட்டேன்.

மார்த்தாண்டம் அண்ணன்:
இது தமிழ்ல எல்லாரும் மாட்டுத எடம். 'கொ'வ ரெண்டு விதமா சேமிக்கலாம், ககரத்தோட ஒத்த ஒகரக்குறி ஒண்ணு, இல்லன்னா ககரம், ஒத்தக்கொம்பு, கால்னு மூணு துண்டு. முதல்லது 6 பைட், மத்தது 9 பைட். நமக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. பழைய ஃபான்ட்ல இருந்து மாத்துன ஃபைல்ல இப்படி வரலாம். பைத்தான்லயே யூனிகோட்டேட்டா (unicodedata)ன்னு ஒரு மாட்யூல், அதாவது கூடவே வர்ற துணை நிரல் இருக்கு, அதுல நார்மலைஸ் கூப்பிட்டு என்எஃப்சி (NFC, துண்டுகள ஒத்த குறியா சேக்குத முறை) குடுத்துட்டு அப்புறம் கூட்டு. கோ, கௌ எல்லாத்துக்கும் இதே கததான்.

கேட்டவர்:
இப்ப கொல்லங்கோடு ஒரே வரி! மாமா பழைய நோட்ட எடுத்து ஒரு மாசத்த கூட்டிப் பாத்தாவ, கிலோ அச்சா ஒத்து வருது. ரொம்ப சந்தோசம் அண்ணே.