ப்ரான்ஸா, கோல்டா? டிசம்பர் 15-க்குள் முடிவெடுக்க வேண்டும்

பிளேனோ_வித்யா
வணக்கம். 2025 டிசம்பர் 15-க்குள் அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் 2026 ஜனவரி 1 முதல் காப்பீடு தொடங்கும், அதனால் அவசரமாகக் கேட்கிறேன். கணவருக்கு 46, எனக்கு 43, மகளுக்கு 12 வயது. அவருக்கு டபிள்யூ-2 (சம்பளத்தில் வரி பிடித்துத் தரும்) கான்ட்ராக்ட் வேலை, கம்பெனி காப்பீடு தருவதில்லை. எனக்கு வேலை இல்லை. 2026-இல் வருமானம் 1,11,000 டாலர் வரும். அரசின் காப்பீட்டுச் சந்தையான ஹெல்த்கேர்.கவ் தளத்தில் போட்டுப் பார்த்தால் மானியம் பூஜ்யம் என்கிறது. மலிவான ப்ரான்ஸ் திட்டத்துக்கு பிரீமியம் மாதம் 1,180 டாலர், டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) ஆளுக்கு 7,500. அதற்கு மேல்தட்டான கோல்டு 1,520, டிடக்டிபிள் 1,500. அவருக்குச் சர்க்கரை. மாத்திரையோடு விலை கூடிய ஊசி ஒன்றும் போடுகிறார். மாமியாரும் கிரீன் கார்டில் வந்து எங்களோடுதான் இருக்கிறார். அவர் காப்பீட்டை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம்.

கொள்ளிடக்கரையான்
ப்ரான்ஸ் எடுங்கள். 2026 முதல் சந்தையில் உள்ள எல்லா ப்ரான்ஸ் திட்டங்களுக்கும் எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரியில்லாச் சேமிப்பு) கணக்கு திறக்கலாம், 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை மாற்றிவிட்டது. குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போடலாம். உங்களுக்கு மானியம் இல்லாமல் போனது ஏன் தெரியுமா? 2021-இல் வந்த கூடுதல் மானியம் 2025-ஓடு முடிகிறது. மறுபடியும் வறுமைக்கோட்டின் 4 மடங்கு என்ற பழைய எல்லை. மூன்று பேருக்கு அது 1,06,600 டாலர். எச்.எஸ்.ஏ.-வில் 8,750 போட்டால் உங்கள் வருமானக் கணக்கு 1,02,250 ஆகி எல்லைக்குள் வந்துவிடும். கோல்டு எடுத்தால் இந்த வழியே கிடையாது.

நெல்லைச்சீமை_டாலஸ்
தம்பி, எல்லைக்குள் வர எச்.எஸ்.ஏ. ஒன்றுதான் வழி என்பது சரியில்லை. இவர்கள் இருவருக்கும் அலுவலக ஓய்வூதியத் திட்டம் எதுவும் இல்லை என்றால், வழக்கமான ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் ஆளுக்கு 7,500 வரை போட்டு முழுவதையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். வேலைக்குப் போகாத மனைவி பெயரிலும் போடலாம். கோல்டு எடுத்துக்கொண்டே அதைச் செய்யலாம்.

இன்னொன்று. மானியம் என்பது எந்தத் திட்டம் எடுத்தாலும் அதே டாலர்தான். அதனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதம் 340 அப்படியேதான் இருக்கும். கேள்வி அந்த 340-க்கு என்ன கிடைக்கிறது என்பதுதான். வித்யா, ஊசி இருக்கும் வீட்டில் ப்ரான்ஸ் வேண்டாம்மா.

கொள்ளிடக்கரையான்
அக்கா, கணக்காகவே பேசுவோம். 340-ஐ 12-ஆல் பெருக்கினால் 4,080. அது நோய் வந்தாலும் வராவிட்டாலும் போகிற பணம். டிடக்டிபிள் வித்தியாசம் 6,000. எச்.எஸ்.ஏ.-வால் 12 சதவீத வரி அடுக்கில் 1,050 மிச்சம். ஆக, ஊசிக்காக டிடக்டிபிள் முழுதும் தீர்ந்தாலும் கோல்டு 870 டாலர்தான் லாபம். தீராத ஆண்டில் ப்ரான்ஸ்தான் லாபம், மிஞ்சிய பணமும் உங்கள் கணக்கிலேயே கிடக்கும்.

நெல்லைச்சீமை_டாலஸ்
டிடக்டிபிளோடு நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகும் ப்ரான்ஸில் பல திட்டங்கள் பாதிச் செலவை உங்கள் தலையில்தான் வைக்கும். 2026-இல் ஒருவருக்கு அதிகபட்சம் 10,600 வரை போகலாம். கோல்டில் பெரும்பாலும் டாக்டருக்கும் சாதாரண மாத்திரைக்கும் டிடக்டிபிள் தீரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, முதல் நாளிலிருந்தே காப்பே (ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான தொகை) கட்டினால் போதும்.

ஆனால் நான் கோல்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு அல்ல. என் தம்பியும் ப்ரான்ஸில்தான் இருந்தான். ஜனவரியில் மருந்துக் கடையில் ஊசிக்கு 900 டாலருக்கு மேல் கேட்டார்கள். பணம் இல்லாதவன் இல்லை. ஆனாலும் "அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்" என்று திரும்பிவிட்டான். பிப்ரவரியிலும் அதே கதை. மே மாதம் ஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 7-இலிருந்து 10-க்கு ஏறியிருந்தது. எச்.எஸ்.ஏ.-வில் பணம் இருந்தது, எடுக்க மனம் வரவில்லை, அது சேமிப்பு என்று நினைத்துவிட்டான். மனிதர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் 870 டாலர் என்று தெரிவது, ஜனவரியில் கடை வாசலில் வேறு மாதிரி தெரியும்.

கொள்ளிடக்கரையான்
தம்பி விஷயம் வருத்தமாக இருக்கிறது அக்கா. அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக ப்ரான்ஸ்தான். மருந்துக்கு என்றே எச்.எஸ்.ஏ. அட்டையைத் தனியாக வைத்திருக்கிறோம், ஒரு மாதம்கூட விட்டதில்லை. பிரீமியமாகக் கட்டிய பணம் திரும்ப வராது. கான்ட்ராக்ட் வேலை மூன்று மாதம் இல்லாமல் போனால் மாதம் 1,520 கட்டுவது யார்? அந்தப் பயமும் உண்மையான பயம்தான்.

மதுரை_ஆஸ்டின்
இருவரும் மாமியாரை விட்டுவிட்டீர்கள்! வித்யா, அவருக்கென்று பெரிய வருமானம் இல்லாமல், உங்கள் செலவில்தான் இருக்கிறார் என்றால் வரிக் கணக்கில் சார்ந்தவராகக் காட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். காட்ட முடிந்தால் குடும்பம் நான்கு பேர், எல்லை 1,28,600. எந்தக் கணக்கிலும் பணம் போடாமலேயே நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள்.

கிரீன் கார்டில் வந்து ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு 65 வயதானாலும் மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) கிடைக்காது, ஆனால் இந்தச் சந்தையில் எடுக்கலாம். வயதுக்கேற்ப அவர் பிரீமியம் எகிறும். பயப்பட வேண்டாம், மானியம் குடும்பம் முழுவதற்கும் சேர்த்தே கணக்கிடப்படும். அளவுகோலாக வைக்கும் நடுத்தட்டு சில்வர் திட்டத்துக்கு நீங்கள் கட்டுவது உங்கள் வருமானத்தில் 9.96 சதவீதம் வரைதான், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டாலர், நான்கு பேருக்கும் சேர்த்து. அவரை "அப்புறம்" என்று தள்ளாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆண்டு முடிவில் எல்லையைத் தாண்டினால் வாங்கிய மானியம் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். ஐ.ஆர்.ஏ., எச்.எஸ்.ஏ. இரண்டிலும் 2027 ஏப்ரல் 15 வரை 2026-க்கான பணத்தைப் போடலாம், அது ஒரு பாதுகாப்பு.

பிளேனோ_வித்யா
மாமியாருக்கு ஊரில் சிறிய வாடகை மட்டும் வருகிறது. இன்றைக்கே வரி பார்ப்பவரிடம் கேட்கிறேன். அக்கா, என் கணவரின் ஊசியையும் போன ஆண்டு ஒரு மாதம் தள்ளித்தான் வாங்கினோம், இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நெல்லைச்சீமை_டாலஸ்
அப்படியென்றால் கோல்டுதான்மா. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் திட்டத்தின் மருந்துப் பட்டியலில் ஊசியின் பெயரைத் தேடு, எந்த அடுக்கில் இருக்கிறது, முன் அனுமதி கேட்கிறார்களா என்று பார். டெக்சாஸில் பெரும்பாலும் எச்.எம்.ஓ., இ.பி.ஓ.தான், அதாவது திட்டத்தின் பட்டியலில் உள்ள டாக்டர்களிடம் மட்டுமே போக முடியும், அதனால் அவருடைய டாக்டர் அலுவலகத்துக்கு போன் செய்து திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேள். கம்பெனி பெயரை மட்டும் சொன்னால் "ஆமாம், எடுக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள்.

கொள்ளிடக்கரையான்
இதில் அக்காவோடு நானும் சேர்கிறேன். பட்டியலில் அந்த ஊசி இல்லை என்றால் கோல்டும் உதவாது. இரண்டு திட்டத்தின் பட்டியலையும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், மறுபடி கணக்குப் போடலாம்.