கேரவன்ல ராத்திரி குழாய் புடுங்கிக்கிச்சு: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

கம்பம் வண்டிக்காரர்:

பழைய டெம்போ டிராவலர் ஒண்ண, உள்ளயே தங்குற மாதிரி கேரவனா மாத்தி வாடகைக்கு ஓட்டுறேன். 2022-ல வாகமண்ல கேரவன் பார்க் தொறந்தப்ப நம்ம பக்கத்துலயும் சில பேருக்கு ஆசை வந்துச்சு, அதுல நானும் ஒருத்தன். எஞ்சின் மக்கர் பண்ணா எனக்குப் பயமே இல்ல. தண்ணி லைன் ஒண்ணுதான் என்னய ஆட்டி வச்சிருச்சு.

போன கார்த்திகை. மதுரைக் குடும்பம், பாட்டியோட சேத்து ஆறு பேரு, வாகமண் போகணும்னு வந்தாங்க. ஐயப்ப சீசன்ல ஏறுற வண்டியக் கம்பம்மெட்டு வழியா விட்டு, திரும்புற வண்டியக் குமுளி வழியா இறக்குவாங்கன்னு நம்மாளுகளுக்குத் தெரியும். ஏறிட்டோம்னா அதே வழியில சட்டுனு கம்பம் இறங்கி ஒரு ஸ்பேர் வாங்கிட்டு வர்ற கதையெல்லாம் நடக்காது. கட்டப்பனை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்து ஓரமா வண்டிய நிப்பாட்டுனேன். மணி ஒம்பது, தூறல் வேற.

பாட்டி மூஞ்சி கழுவ உள்ள போனாங்க. பம்பு சத்தம் கேக்குது. 12 வோல்ட் பம்பு, குழாயத் தொறந்தா ஓடும், மூடுனா பிரஷர் ஏறித் தானா நின்னுரும். இது நிக்கல. பாட்டி நிதானமாத்தான் கழுவுறாங்கன்னு நான் பாட்டுக்கு வெளிய நின்னு டீ குடிச்சிட்டிருந்தேன். சின்னப் பையன் எட்டிப் பாத்து, "அங்கிள், என் செருப்பு மிதக்குது"ன்னான்.

அந்தப் பம்பு நிமிசத்துக்குப் பத்து லிட்டரு தள்ளும். டேங்க்ல 100 லிட்டரு. கணக்க நீங்களே போட்டுக்கங்க. பம்பு சுவிட்ச் எங்க இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும், கட்டிலுக்கு அடியில. ஆனா கட்டில் மேல மெத்தை, மெத்தை மேல ரெண்டு பெட்டி, பெட்டி மேல தூங்குன பாப்பா. எல்லாத்தையும் நகத்திக் கைய விடறதுக்குள்ள டேங்க் காலி. தண்ணிய நான் நிறுத்தல, அதுவா நின்னுச்சு. உள்ளருந்து பாட்டி சத்தம்: "ஏய்யா டிரைவரு, மூஞ்சியெல்லாம் சோப்பு கெடக்குய்யா, கண்ணு எரியுது!"

பக்கத்துல பெட்டிக்கடை வச்சிருந்த சேட்டன் ஒரு பிளம்பர் நம்பர் குடுத்தாரு. போனப் போட்டு, "சேட்டா, வண்டிக்குள்ள வெள்ளம் வந்துருச்சு, வெள்ளம்!"னு கத்துனேன். அவரு, "வெள்ளம் வந்நோ? ஆ, நந்நாயி"ன்னு வச்சிட்டாரு. மலையாளத்துல வெள்ளம்னா சும்மா தண்ணிதான். தண்ணி வந்துருச்சுன்னு எவனோ சந்தோசமாக் கூப்பிட்டுச் சொல்றான்னு நெனச்சிருப்பாரு. எல்லையிலயே பொறந்து வளந்தவன் நான், பதட்டத்துல எனக்கே மறந்து போச்சு. மறுபடி அடிச்சு "பைப்பு பொட்டிப்போயி"ன்னதும்தான் பைக்க எடுத்தாரு. அவரு வர்ற வரைக்கும் தோட்டத்து லயத்துலருந்து, அதான் கூலிக்காரங்க குடியிருக்குற வரிசை வீடு, ஒரு அக்கா, அவங்களுக்கு உத்தமபாளையம் சொந்த ஊராம், ஒரு குடம் தண்ணி கொண்டாந்து பாட்டிய மீட்டாங்க.

பம்புலருந்து சிங்குக்குப் போற 12 மில்லிமீட்டர் பைப்பு, அமுக்கிச் சொருகுற ஜாயிண்ட்ல இருந்து முழுசா வெளிய வந்து கெடந்துச்சு. நம்ம ஹார்டுவேர் கடையில இருக்குற அரை இன்ச் சாமான் எதுவும் இதுக்குச் சேராது. வந்தவருகிட்டயும் இல்ல. ஆனா அவரு சாமானத் தேடல, பைப்போட முனையத்தான் டார்ச் அடிச்சுப் பாத்தாரு. ஹாக்ஸா பிளேடால கோணலா அறுத்து, பிசிறக்கூட எடுக்காமச் சொருகியிருக்கான் வண்டி கட்டிக் குடுத்தவன். நல்லவேளை உள்ள தண்ணி கசியாமப் புடிக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங்கு, கிழியல. கால் இன்ச் நேரா வெட்டி, முனையத் தரையில தேச்சு, எச்சியத் தொட்டு அடிவரைக்கும் சொருகி, புடிச்சு இழுத்துப் பாத்தாரு. வரல. பத்து நிமிச வேலை. 300 ரூபா கேட்டாரு. பாட்டியோட சோப்புக் கதையச் சொன்னதும் சிரிச்சிட்டு 200 மட்டும் வாங்கிக்கிட்டாரு.

லோயர் கேம்ப் பிளம்பர்:

அண்ணே, அந்தச் சேட்டன் செஞ்சது சரி. ஆனா பாதி வேலைதான். அந்தப் பைப்ப எங்கயாச்சும் கிளிப் போட்டுப் புடிச்சிருக்கா, பாருங்க. இல்லைன்னா திரும்பவும் கழண்டு வரும்.

எங்கூர்ல மலை மேலருந்து பவர் ஹவுசுக்கு இறங்குற ராட்சசக் குழாயப் பாத்திருப்பீங்க. சின்ன வயசுல அது பக்கத்துலதான் விளையாடுவோம். திரும்புற எடத்துல எல்லாம் எதுக்குக் கான்கிரீட்ட மலை மாதிரிக் கொட்டி அமுக்கி வச்சிருக்கான்? ஓடுற தண்ணி வளைவுல குழாய வெளிய தள்ளும், அதுக்காக. அதே வேலைய அரை இன்ச் குழாயிலயும் தண்ணி செய்யுது, கம்மியா, அவ்வளவுதான். வீட்டுல சுவரு புடிச்சுக்கும். வண்டியில புடிச்சுக்க யாரும் இல்ல, போதாததுக்கு ரோடு வேற குலுக்குது. ஒண்ணரை அடிக்கு ஒரு கிளிப்பு, திருப்பத்துக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு. கொஞ்சம் தொய்வும் விட்டு வைக்கணும், நாண் ஏத்துன வில்லு மாதிரி இழுத்துக் கட்டக் கூடாது.

போடியில ஒருத்தர் தன் வேனுக்கு வீட்டு வேலை மாதிரியே வெள்ளை பி.வி.சி. பைப்பு, எல்போ, சொல்யூஷன்னு போட்டு முடிச்சிருந்தாரு. பாக்க அழகா இருந்துச்சு. போடிமெட்டு வழியா மூணாறுக்கு மூணு டிரிப்பு, மூணாவதுல எல்போ கழுத்துல கீறல். ஒட்டுன எடம் அப்படியே இருக்கு, பக்கத்துல பைப்பு போயிருச்சு. சொல்யூஷன் மேல பழி போட்டுட்டு இருந்தாரு. பாவம், சொல்யூஷன் அதோட வேலையச் செஞ்சிருச்சு. வளையத் தெரியாத பைப்ப ஆடுற வண்டியில போட்டதுதான் தப்பு. எல்லாத்தையும் புடுங்கிட்டு நைலான் நூல் வச்ச ஹோஸும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்பும் போட்டேன்.

நான் போறதுக்குள்ள அவரு எம்-சீல் ஒரு பாக்கெட்ட ஒழுகுற தண்ணி மேலயே அப்பி வச்சிருந்தாரு. கையில எடுத்தா பிட்டு மாதிரி உதிருது. ஈரத்துல அது புடிக்காதுய்யா! தண்ணிய நிறுத்தி, துடைச்சு, காய விட்டு, உப்புத்தாள் தேச்சு, அப்புறம் வையி. அதுவும் ஒரு மணி நேரமாச்சும் தொடாம விடணும். நடுராத்திரி அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கு? அதனால என் பையில எப்பவும் பழைய சைக்கிள் டியூப் ஒண்ணு கெடக்கும். ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமா வெட்டிக்கங்க. ஓட்டைக்கு நாலு விரல் தள்ளி ஆரம்பிச்சு, நல்லா இழுத்து இழுத்து, பாதி மேல பாதி ஏறுற மாதிரி சுத்திட்டே வந்து ஓட்டையத் தாண்டிப் போங்க. மேல பைண்டிங் கம்பி போட்டு முறுக்குங்க. ஓட்டை மேலயே ஆரம்பிச்சீங்கன்னா நிக்காது. இது காலையில கடை தொறக்குற வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல அதுகிட்ட எதிர்பாக்காதீங்க.

ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம், யாரும் குழாயத் தொடாமலே பம்பு "டுர்ர்"னு ரெண்டு செகண்டு ஓடி நிக்குதா? அஞ்சு நிமிசம் கழிச்சுத் திரும்ப ஓடுதா? எங்கயோ பிரஷர் இறங்குதுன்னு அர்த்தம். குழாயில கசிவோ, இல்ல பம்புக்குள்ள இருக்குற வால்வு சரியா மூடலையோ. பாதிப் பேரு அந்தச் சத்தத்தப் பழக்கிக்கிட்டுத் தூங்கிர்றாங்க.

பொள்ளாச்சி கேரவன் டிரைவர்:

நல்ல தண்ணியில நனைஞ்சவங்களுக்கு என்னங்க குறை. நான் நனைஞ்சது எந்தத் தண்ணின்னு கேளுங்க.

சினிமா ஷூட்டிங் கேரவன் ஓட்டறனுங்க. கோபாலபுரம் தாண்டி சித்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புல நாலு நாள் வேலை. மூணாம் நாளே குளிக்கிற எடத்து ஓட்டையில "களக் களக்"னு சத்தம். கழிவு டேங்க் ரொம்பி, காத்து போக வழியில்லாம அந்த வழியா வருதுன்னு அர்த்தமுங்க. உள்ளிருக்கிற நடிகருக்குத் தெரியறதுக்குள்ள காலி பண்ணிப் போடலாம்னு வண்டிக்கு அடியில போனேன். வால்வு மூடியிருக்குன்னு கைப்பிடியப் பாத்து நம்பி, வெளி மூடியத் திருகுனனுங்க. கைப்பிடி மூடித்தான் இருந்துச்சு. உள்ள தகடு மூடலை. டாய்லெட்டுல யாரோ போட்ட துணி தகட்டுக்கு நடுவுல சிக்கிக் கிடந்திருக்கு.

மேக்கொண்டு சொல்ல வேண்டாமுங்க. தோப்புக்காரர் மோட்டாரப் போட்டு விட்டாரு, சட்டையோட தொட்டியில இறங்கி நின்னேன்.

அன்னைக்கு ஒரு தம்பி, "அண்ணா, வாய்க்கால் பக்கத்துலதான போகுது, மிச்சத்த அதுல விட்டா யாருக்குத் தெரியும்"னு யோசனை சொன்னான். எங்க அப்பா இந்த மாதிரி வாய்க்கால் தண்ணியில வெள்ளாமை பண்ணுன மனுசன். வாயில வந்தபடி பேசிட்டேன். பொள்ளாச்சியிலிருந்து செப்டிக் டேங்க் லாரியக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொன்னோம்.

புதுசா வண்டி எடுக்கறவங்க ஒண்ணு கேட்டுக்குங்க. டாய்லெட் டேங்க் வால்வ சும்மா தொறந்து வைக்கறது ரொம்பத் தப்புங்க. தண்ணி மட்டும் ஓடிப்போயி கெட்டி அடியில தங்கி இறுகிப்போகும், அப்புறம் கடப்பாரை வேணும். மூடியே வெச்சு, முக்கால்வாசி ரொம்புனதும் ஒரே மூச்சுல விடணும். காலி பண்ணுன உடனே ரெண்டு வாளி தண்ணி உள்ள ஊத்திட்டுத்தான் வண்டிய எடுக்கணும். வெளி மூடியத் தொறக்கறப்ப முன்னால நிக்காதீங்க, பக்கவாட்டுல நில்லுங்க.

கஞ்சிக்கோடு சூப்பர்வைசர்:

சக்கரம் இல்லாத வண்டியும் இதுல சேருமா? நான் ஒண்ணரை வருசம் போர்ட்டா கேபின்ல, அதான் தூக்கிட்டு வந்து வைக்கிற தகர அறையில, இருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஏப்ரல்ல எப்படி இருக்கும்னு வாளையாறு தாண்டுனவங்களுக்குத் தெரியும். தகரக் கூரை மேல கறுப்பு டேங்க், அதுலருந்து கூரையத் தொட்டபடியே பி.வி.சி. பைப்பு. மத்தியானம் குழாயத் தொறந்தா சோறு வடிக்கலாம். பி.வி.சி. 60 டிகிரியத் தொட்டா தளர்ந்துரும், அந்தத் தகரம் வெயில்ல அதத் தாண்டியே போகும். ஒரு நாள் பைப்பு பாம்பு மாதிரி தொங்கி, ஜாயிண்ட் நழுவிருச்சு.

தண்ணி போனது பிரச்சினை இல்ல. அது சுவரோட வழிஞ்சு பிளக் போர்டுக்குள்ள இறங்கிருச்சு. கூட இருந்த பையன் கதவத் தொட்டான், தூக்கி எறிஞ்சிருச்சு. உயிர் பொழச்சது அவன் கால்ல ரப்பர் செருப்பு இருந்ததால. மொத்த அறையும் தகரம், எங்க தொட்டாலும் கரண்ட். அதுக்கப்புறம்தான் காண்ட்ராக்டர் கரண்ட் கசிஞ்சா உடனே தானா அணைச்சிர்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு மாட்டுனார், பைப்பையும் சுடுதண்ணிக்கான சி.பி.வி.சி.யா மாத்தி, கூரையிலருந்து கட்டை வச்சுத் தூக்கி விட்டார். இந்த மாதிரி எடத்துல குழாய் உடைஞ்சா வால்வ அப்புறம் தேடலாம். கை ஈரமாகுறதுக்கு முந்தி மெயின அணைங்க.

செங்கோட்டை அக்கா:

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க வண்டி வீட்டுக் குழாய்க்கெல்லாம் கரண்டுல சூடாகுற டேப்பு சுத்துறாங்களே, நம்மளும் சுத்தணுமா? வீட்டுக்காரரு ஆர்டர் போடப் போறேன்னு நிக்காக.

லோயர் கேம்ப் பிளம்பர்:

வேணாம்க்கா, காச மிச்சப்படுத்துங்க. அங்க அந்த வண்டி வீடுகள்ல குழாய் வீட்டுத் தளத்துக்குக் கீழ வெட்டவெளியில ஓடும். குளிர்ல உள்ள இருக்குற தண்ணி உறைஞ்சு பத்துல ஒரு பங்கு அளவு உப்பிரும், குழாய் வெடிக்கும். அதுக்குத்தான் சூடு குடுக்குற டேப்பு. மூணாறுல ஜனவரியில புல்லு மேல உறைபனி படியுறத நானே பாத்திருக்கேன். ஆனா அதனால வெடிச்ச கேரவன் குழாய் என்கிட்ட இதுவரைக்கும் வந்ததில்ல. அந்தக் காசுல ரெண்டு டஜன் கிளிப்பும், பம்புக்குப் பக்கத்துல வைக்க, கைப்பிடியத் திருப்புனா தண்ணிய அடைக்கிற பால் வால்வு ஒண்ணும் வாங்கச் சொல்லுங்க.

கம்பம் வண்டிக்காரர்:

பாத்துட்டேன்ணே, நீங்க சொன்னது சரி. ஒரு கிளிப்புகூட இல்ல. டேங்க்லருந்து கடைசிக் குழாய் வரைக்கும் நானே படுத்துக்கிட்டு பதினாலு கிளிப்பு அடிச்சேன். இடுப்பு போச்சு. பம்பு சுவிட்சக் கட்டிலுக்கு அடியிலருந்து எடுத்து வாசப்படி பக்கத்துல, லைட்டு சுவிட்சுக்குக் கீழ வச்சாச்சு. சிவப்பு பெயிண்டும் அடிச்சிருக்கேன். ஏறுற குடும்பத்துக்கு டிவி ரிமோட்டக் காட்டுறதுக்கு முந்தி அதத்தான் காட்டுறேன், சின்னப் பசங்க ரெண்டு தடவ போட்டு அணைச்சுப் பாப்பாங்க.

பொள்ளாச்சிக்காரரே, உங்க கதையப் படிச்சிட்டு ராத்திரிச் சாப்பாடு இறங்கல.

அந்த மதுரைப் பாட்டி பேத்திய விட்டுப் போன் பண்ணச் சொல்லியிருக்காங்க. தை மாசம் தேக்கடி போகணுமாம், இதே வண்டிதான் வேணுமாம். கடைசியில பாட்டியே போன வாங்கி, "தம்பி, ஒரு வாளி தண்ணி எனக்குன்னு தனியா எடுத்து வச்சிரு, உன் பம்ப நான் நம்ப மாட்டேன்"னாங்க. வாளி வாங்கியாச்சு.