மாரி வேளாண்மைக் குழு: விதைநெல்லுக்கு அசோஸ்பைரில்லம்

கோபி (காலை 6:42): தவம் மாமா, அசோஸ்பைரில்லம் எண்ட, காத்தில இருக்கிற நைதரசனப் பிடிக்கிற பக்டீரியாவ விதைநெல்லில பிரட்டி விதைச்சா யூரியாவே தேவையில்ல எண்டு சொல்றாங்க. உண்மையா?

தவம் மாமா: இல்ல மனே. அத நம்பி யூரியாவ நிப்பாட்டினா பயிர் மஞ்சளிச்சுப் போகும். கால்வாசி குறைக்கலாம், அவ்வளவுதான்.

தவம் மாமா: கௌபி வேரில இருக்கிற முடிச்ச வெட்டிப் பாருங்க, உள்ள சிவப்பா இருக்கும். நைதரசன் பிடிக்கிற நொதியம் ஒட்சிசன் பட்டாக் கெட்டுப் போகும். அந்தச் சிவப்புப் பொருள்தான் ஒட்சிசன அளவா விடுது. நெல்லுக்கு முடிச்சு இல்ல. பக்கவேர் வெடிச்சு வாற கீறலால பக்டீரியா உள்ள போய், வேர்க் கலங்களுக்கு இடையில இருக்கும். அதால பிடிக்கிற நைதரசனும் கொஞ்சம்தான்.

சுதா அக்கா: நெல்லுக்குப் பெரிய லாபம் வேர்தான் தம்பி. இந்தப் பக்டீரியா ஓட்சின் எண்ட வளர்ச்சி ஹோர்மோனச் சுரக்கும், பக்கவேரும் வேர்மயிரும் கூடும், போட்ட பசளைய பயிர் நல்லா எடுக்கும்.

கோபி: ஹிங்குராணையில கரும்பு வச்சிருக்கிற மச்சானும் கேக்கிறான்.

சுதா அக்கா: கரும்புக்கு வேற பக்டீரியா இனம். பிரேசில்ல ஜொஹானா டொபரைனரும் கூட்டாளிகளும் 1988ல அறிவிச்சது. முடிச்சே இல்லாம, இனிப்புச் சாறு நிறைஞ்ச தண்டுக்குள்ளயும் வாழும். நெல்லுப் பைக்கற்ற அதுக்குப் போடாதீங்க.

கோபி: அளவு?

தவம் மாமா: 10 கிலோ விதைக்கு 200 கிராம். ரெண்டு புசலுக்கு, அதாவது ஏறத்தாழ 40 கிலோவுக்கு, 800 கிராம். பைக்கற்றில வேற அளவு இருந்தா அதப் பாருங்க. நெல்ல 24 மணித்தியாலம் ஊறவச்சு, வடிச்சு, சாக்கில கட்டி முளை வரவிடுங்க. உப்புப் போடாத, நல்லா ஆறின கஞ்சித் தண்ணியில கரைச்சு, முளை முறியாமப் பிரட்டுங்க. நிழல்ல அரை மணித்தியாலம் விட்டு அண்டைக்கே விதைக்கணும். கஞ்சி சூடா இருந்தா எல்லாம் செத்துரும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணியும் கூடாது, கிணத்துத் தண்ணி நல்லம்.

கோபி: பங்கசுநாசினி பிரட்டின விதை?

சுதா அக்கா: ரெண்டையும் ஒண்டாக் கலக்காதீங்க. ஆகக் குறைஞ்சது ஒரு நாள் இடைவெளி வேணும். பங்கசுநாசினி முதல், பக்டீரியா கடைசி.

தவம் மாமா: யூரியாவையும் ஒரே தடவையில கொட்டாதீங்க. மண்ணில அமோனியம் கூடினா பக்டீரியா நைதரசன் பிடிக்கிறத நிப்பாட்டிரும். இலைட பச்சை நிறத்த ஒப்பிட்டுப் பார்க்கிற இலை நிற அட்டையப் பார்த்துப் பிரிச்சுப் போடுங்க.

சுதா அக்கா: வாங்கேக்க காலாவதித் திகதி பாருங்க. வெயில்ல மோட்டார் சைக்கிள்ள தொங்கவிட்டுக் கொண்டு வரவேணாம்.