தண்டையார்பேட்டை வீடு குழுவில்: ட்ரைபாட் இனி தேவையா?

தினேஷ், காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். புது கேமரா வந்துவிட்டது, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். பாடியிலேயே ஆட்டத்தைச் சரிசெய்கிற ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, 8 ஸ்டாப் அளவுக்கு உதவும் என்று போட்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி கல்மண்டபம் பக்கம் வெறும் கையில் பிடித்து அரை நொடி வைத்து எடுத்தேன், கடைப் பலகையில் இருக்கிற சின்ன எழுத்துகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. அதனால் என் மூன்று கால் ஸ்டாண்டை, அந்த ட்ரைபாடை, விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். யாருக்காவது வேண்டுமா?

கவிதா அக்கா, 7:15
எனக்கு வேண்டும். சேலை படம் எடுக்க. போன் மாட்ட முடியுமா அதில்?

செல்வம் மாமா, 7:20
தினேஷ், அவசரப்பட்டு விற்றுவிடாதே. கவிதாவுக்கு நான் வேறு பார்த்து வாங்கித் தருகிறேன்.

தினேஷ், 7:21
ஏன் மாமா? இப்போது யார் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்? நான் பார்க்கிற சேனல்களில் பாதிப் பேர் ட்ரைபாட் காலம் முடிந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

செல்வம் மாமா, 7:34
காரணம் சொல்கிறேன், கொஞ்சம் பெரிதாக இருக்கும், பொறுமையாகப் படி. ஸ்டெபிலைசேஷன் உன் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும். கேமரா எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்ளே இருக்கிற கைரோ என்கிற அசைவு உணரி கண்டுபிடித்து, படத்தைப் பதிவு செய்கிற சென்சாரை எதிர்ப்பக்கம் நகர்த்தும். அது நகர்வதற்கு உள்ளே இருக்கிற இடமும் கொஞ்சம்தான், அதைத் தாண்டி ஆடினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ட்ரைபாட் செய்கிற வேலை வேறு. கேமராவை ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் நீ கேட்கிற வரைக்கும் வைத்திருக்கும், அது பத்து நொடியோ ஒரு மணி நேரமோ. ஒன்று வந்துவிட்டால் இன்னொன்று வேண்டாம் என்று விற்கிறவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

செல்வம் மாமா, 7:41
அந்த 8 ஸ்டாப்புக்கும் கணக்கு போட்டுப் பார். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் 1/50 நொடி வரை பத்திரம் என்பது பழைய கணக்கு. ஒரு ஸ்டாப் கூடினால் நேரம் இரண்டு மடங்கு. 5 ஸ்டாப் என்றால் 32 மடங்கு, அதாவது அரை நொடிக்குச் சற்று மேல், நேற்று உனக்குக் கிடைத்தது அதுதான். 8 ஸ்டாப் என்றால் 256 மடங்கு, 5 நொடி. இன்றைக்கு ராத்திரி அதே கடைக்கு முன்னால் நின்று 5 நொடி கையில் பிடித்து எடுத்துப் பார். அந்த எண், கேமராவை ஆட்டுகிற ஒரு மேசை மேல் வைத்து சிபா என்கிற ஜப்பான் கேமரா சங்கத்தின் முறைப்படி அளந்தது. கடற்காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஆளை வைத்து அளந்தது இல்லை.

பிரபு அண்ணன், 7:50
மாமா சொல்வது சரி, ஆனால் ஒன்று. நான் காசிமேட்டில் போட்டில் போகும்போது ட்ரைபாட் வைத்துப் பார்த்திருக்கிறேன், படகு ஆடுகிற ஆட்டம் அவ்வளவும் வீடியோவில் அப்படியே வந்துவிட்டது. கையில் பிடித்ததே மேல்.

செல்வம் மாமா, 7:55
நூற்றுக்கு நூறு சரி பிரபு. தரை ஆடினால் ட்ரைபாடும் சேர்ந்து ஆடும். போட்டில் உன் முழங்காலும் இடுப்பும் பாதி ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும், மீதியை ஸ்டெபிலைசேஷன் பார்த்துக்கொள்ளும். அங்கே ட்ரைபாட் எடுத்துப் போகவே கூடாது. மீன் ஏலம் நடக்கிற இடத்திலும் அப்படித்தான், விடியற்காலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நடுவில் மூன்று காலை விரித்து வைப்பது அவர்கள் பிழைப்பில் குறுக்கே நிற்கிற மாதிரி. கையில் பிடி, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கு கேமராவின் உணர்திறனை, ஏற்று, ஓரமாக நின்று எடு.

யமுனா, 8:02
பேசின் பிரிட்ஜ் பாலத்து மேல் எனக்கும் இதேதான் நடந்தது மாமா. ட்ரைபாட் வைத்து 20 நொடி போட்டேன், லாரி போகும்போதெல்லாம் பாலமே அதிர்கிறது. ஒரு படம்கூடத் தேறவில்லை.

செல்வம் மாமா, 8:06
பாலத்தை விட்டு இறங்கி எடும்மா. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி விளக்கு கோடு கோடாக வர வேண்டும் என்றால் சாலையை விட்டுத் தள்ளி, கெட்டித் தரையில் வை. அந்தக் கோடு வருவதற்கு 20 நொடி வேண்டும், 20 நொடி கையில் ஆடாமல் பிடிக்க எந்த ஸ்டெபிலைசேஷனையும் நம்ப முடியாது.

தினேஷ், 8:10
சரி மாமா, லாரி விளக்கு, அலையைப் பஞ்சு மாதிரி எடுக்கிறது, இதெல்லாம் எப்போதாவது எடுப்பது. நான் முக்கால்வாசி எடுப்பது தெரு, மனிதர்கள், திருவொற்றியூர் தேர். அதற்கு எதற்கு ட்ரைபாட்?

செல்வம் மாமா, 8:22
அதற்கு வேண்டாம்தான், நான் எப்போது வேண்டும் என்றேன்? தேர் அன்றைக்கு தேரடித் தெருவில் ட்ரைபாடோடு வந்தால் நானே உன்னைத் திருப்பி அனுப்புவேன். நான் கல்யாணம் எடுக்க ஆரம்பித்தபோது 100 ஏஎஸ்ஏ ஃபிலிம், இன்றைய ஐஎஸ்ஓ 100 மாதிரி, மண்டபத்தில் ஃபிளாஷ் இல்லை என்றால் ஸ்டாண்டு இல்லாமல் ஒன்றும் நடக்காது. 1995இல் கேனான் ஒரு 75-300 லென்ஸில் ஸ்டெபிலைசர் வைத்தது, எஸ்எல்ஆர் கேமராவில் மாற்றி மாட்டுகிற லென்ஸில் அதுதான் முதல். அப்புறம் 2003இல் மினோல்டா சென்சாரையே நகர்த்தியது, 2012இல் ஒலிம்பஸ் அதை ஐந்து அச்சில், அதாவது ஐந்து விதமான அசைவுக்கும், செய்தது. இதற்கு நடுவில்தான் ஐஎஸ்ஓவும் ஏறியது. 6400இல் எடுத்து இன்றைக்கு ஆல்பம் அடிக்கலாம். ட்ரைபாட் தேவை குறைந்ததற்குப் பாதிக் காரணம் அந்த ஐஎஸ்ஓ, அதை யாரும் சொல்வதில்லை. இரண்டும் எனக்கு மண்டபத்தில் பெரிய வரம், கோயில் உள்ளேயும், மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடங்களிலும் வரம், அங்கெல்லாம் ட்ரைபாடுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

செல்வம் மாமா, 8:25
ஆனால் ஒன்றை மறக்காதே. உன் கை நின்றுவிட்டால் எதிரில் இருப்பவர் நின்றுவிடுவார் என்று அர்த்தம் இல்லை. கல்மண்டபத்தில் கடைப் பலகை தெளிவாக இருக்கிறது என்கிறாய், அதே படத்தில் நடந்து போகிறவர்களைப் பெரிதாக்கிப் பார்.

தினேஷ், 8:27
பார்த்தேன். புகை மாதிரி இருக்கிறார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

செல்வம் மாமா, 8:28
பிடித்தால் நல்லது, வேண்டும் என்றே அப்படி எடுக்கலாம். முகம் வேண்டும் என்றால் 1/125க்குக் கீழே இறங்காதே, அதற்கு ஸ்டெபிலைசரும் உதவாது, ட்ரைபாடும் உதவாது.

யமுனா, 8:40
மாமா, 2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணம் நினைவிருக்கிறதா? அன்றைக்கு மாடியில் நான் கையில் பிடித்து எடுத்தது எல்லாமே சிவப்பாக ஒரு கறை மாதிரி வந்தது. முழு நிலா மட்டும் கையிலேயே நன்றாக வருகிறதே, அது ஏன்?

செல்வம் மாமா, 8:52
நல்ல கேள்வி. முழு நிலா என்பது வெயிலில் கிடக்கிற பாறை, அதனால் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 11, 1/100 நொடி போதும், கையில் தாராளமாக எடுக்கலாம். அன்றைக்கு ராத்திரி 11 மணியிலிருந்து 12.22 வரை நிலா முழுக்க பூமியின் நிழலுக்குள் இருந்தது. அப்போது வெளிச்சம் பல ஆயிரம் மடங்கு குறைந்துவிடும். 300 மி.மீ. லென்ஸில் ஐஎஸ்ஓவை ஏற்றிய பிறகும் அரை நொடி, ஒரு நொடி வேண்டும். அந்த லென்ஸைக் கையில் பிடிக்க பழைய கணக்குப்படி 1/300, 5 ஸ்டாப் உதவினாலும் 1/10 நொடிதான். மீதியை ட்ரைபாட்தான் தர வேண்டும்.

அதிலும் ஒரு எல்லை உண்டு, பூமி சுற்றுவதால் நிலா தன் அகலம் அளவுக்கு நகர இரண்டு நிமிடம் போதும். 300இல் ஒரு நொடிக்கு மேல் போனால் ட்ரைபாட் மேலேயே ஓரம் மங்கும். நட்சத்திரத்துக்கு 500ஐ லென்ஸ் அளவால் வகுத்துக்கொள், வருகிற நொடிக்குள் முடித்துக்கொள். 20 மி.மீ. என்றால் 25 நொடி.

பிரபு அண்ணன், 8:58
போனில் இப்போது இருட்டில் எடுக்கிற நைட் மோடு இருக்கிறதே மாமா, அது கையிலேயே எடுக்கிறது.

செல்வம் மாமா, 9:04
எடுக்கிறது, அருமையாகவே எடுக்கிறது. குறைந்த நேரத்துப் படங்களாக வரிசையாக எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்திவிடும். 2018இல் கூகுளின் பிக்சல் போனில் வந்தபோது நான் வாய் பிளந்தேன். ஆனால் அந்த போனே ட்ரைபாடைத் தேடுகிறது பார். பிக்சலில் நட்சத்திரம் எடுக்கிற மோடு, 2019இல் வந்தது, அசையாமல் ஒரு இடத்தில் வைத்தால்தான் வேலை செய்யும், நான்கு நிமிடம் வரை எடுக்கும். ஐபோனும் அப்படித்தான், ஆடாமல் இருப்பதைத் தானே கண்டுபிடித்து, நல்ல இருட்டாக இருந்தால் 30 நொடி வரை நேரம் கொடுக்கும்.

செல்வம் மாமா, 9:06
பிரபு, போன் பேச்சு வந்ததால் சொல்கிறேன், நீ பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு மணலி வரை போகிறாயே, அதை விட்டுவிடு. போன் கேமராவில் ஸ்டெபிலைசரைக் காந்தம்தான் நகர்த்துகிறது. பைக் இன்ஜின் அதிர்வு தொடர்ந்து பட்டால் அது கெட்டுப்போகலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரிக்கை போட்டது.

பிரபு அண்ணன், 9:07
அடடா. இன்றைக்கே கழற்றுகிறேன்.

கவிதா அக்கா, 9:15
எல்லோரும் நிலாவுக்குப் போய்விட்டீர்கள், என் சேலை என்ன ஆயிற்று? கையில் எடுத்தால் ஒரு சேலை பெரிதாக, ஒரு சேலை சின்னதாக, ஒன்று கோணலாக வருகிறது. வாங்குகிறவர்கள் பார்டர் எவ்வளவு அகலம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

செல்வம் மாமா, 9:24
உனக்குத்தான் கவிதா இது முதலில் வேண்டும், தினேஷுக்குக்கூட அப்புறம். உன் படத்தில் நடுக்கமே இல்லை, ஜன்னல் வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது, அதனால் எந்த ஸ்டெபிலைசரும் உனக்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. உனக்கு வேண்டியது எல்லாச் சேலையும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் விழ வேண்டும் என்பதுதான். தரையில் மூன்று கால் இருக்கிற இடத்தில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள், சேலை விரிக்கிற இடத்தையும் குறி. இரண்டு கையும் சும்மா இருப்பதால் முந்தானை மடிப்பை நீயே சரிசெய்யலாம், யாரையும் கூப்பிட வேண்டாம். போன் ஹோல்டர் தனியாகக் கிடைக்கும், ட்ரைபாட் தலையில் இருக்கிற அதே திருகில் ஏறும்.

கவிதா அக்கா, 9:26
இது தெரிந்திருந்தால் எப்போதோ வாங்கியிருப்பேன். வெயிட்டாக இருக்க வேண்டுமா?

செல்வம் மாமா, 9:33
வீட்டுக்குள்தானே, சாதாரணமானது போதும், மேலே வைக்கிற போனைத் தாங்கினால் சரி. கடற்கரைக்குத்தான் கனமாக வேண்டும், அல்லது நடுவில் கொக்கி இருந்து பையைத் தொங்கவிட வேண்டும். தினேஷ், இதை நீயும் கேட்டுக்கொள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையில் கல் கொட்டியிருக்கிறது, மூன்று காலும் மூன்று உயரத்தில் நிற்கும். முதலில் தடித்த பகுதியை நீட்டு, கடைசி மெல்லிய பகுதியைத் தேவைப்பட்டால் மட்டும். நடுத்தண்டை உயர்த்தவே உயர்த்தாதே, உயர்த்தினால் மூன்று கால் ட்ரைபாட் ஒற்றைக் கால் ஆகிவிடும். பட்டனை விரலால் அழுத்துவதே ஒரு ஆட்டம், 2 நொடி டைமர் போட்டுவிடு. பழைய லென்ஸ் என்றால் ட்ரைபாடில் ஏற்றியதும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடு, ஆட்டமே இல்லாத இடத்தில் அது ஆட்டத்தைத் தேடித் தானே ஆட ஆரம்பிக்கும். புது லென்ஸ்கள் சில தானே கண்டுபிடித்துக்கொள்கின்றன. வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடை, உப்பும் மணலும் பூட்டுக்குள் போனால் ஆறு மாதத்தில் இறுகிவிடும்.

தினேஷ், 9:40
சரி மாமா, விற்கவில்லை. ஆனால் எப்போதும் தூக்கமாட்டேன்.

செல்வம் மாமா, 9:42
எப்போதும் தூக்கச் சொல்லவில்லை. கிளம்பும் முன் என்ன எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய், அதைப் பொறுத்து ட்ரைபாடைத் தூக்கு. அதைத் தூக்கிப் போகிற அன்றைக்கு ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் நிற்பாய், ஓரத்தில் கரண்ட் கம்பி நுழைந்திருப்பது கண்ணில் படும், அடிவானம் சாய்ந்திருப்பது தெரியும். கையில் இருந்தால் நாற்பது எடுத்துவிட்டு வீட்டில் வந்து அழிப்பாய். எனக்கு ட்ரைபாட் பிடிப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

சித்தி, 10:05
அண்ணா, ஆயாவின் 80 வயது விழாவுக்கு நீங்கள்தானே எடுக்கிறீர்கள்? போன முறை குரூப் போட்டோவில் ஒருவர் கண் மூடியிருந்தார், ஒருவர் திரும்பியிருந்தார், ஒரு படம்கூட முழுசாக இல்லை.

செல்வம் மாமா, 10:14
இந்த முறை ட்ரைபாடில் வைத்துத்தான் எடுக்கப் போகிறேன். கேமரா நகராமல் ஏழெட்டுப் படம் எடுத்துவிட்டால், கண் மூடியவர் முகத்தை மட்டும் அடுத்த படத்திலிருந்து எடுத்து அதே இடத்தில் வைத்துவிடலாம், அளவும் கோணமும் அச்சாகப் பொருந்தும். கையில் எடுத்தால் ஒவ்வொரு படமும் ஒரு விரல் தள்ளி நிற்கும், ஒட்ட உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும். மொட்டை மாடியில் பந்தல் நிழலில் வைத்துக்கொள்ளலாம், 11 மணி வெயிலில் நிறுத்தினால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள்.

சித்தி, 10:16
மாடியில் குழந்தைகள் ஓடினால் அதிராதா?

செல்வம் மாமா, 10:18
பகல் வெளிச்சத்தில் 1/160 வைப்பேன், அதிர்வு தெரியாது. குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைத்துவிடு. பிரபு, பந்தல்காரரிடம் முதல் வரிசைக்கு எத்தனை நாற்காலி வரும் என்று கேட்டுச் சொல்.

பிரபு அண்ணன், 10:21
மதியம் கேட்டுச் சொல்கிறேன் மாமா.