3, 8, 14 வயசு: மூணு பேரையும் ஒரே நாளில் மதுரை தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

திருப்புல்லாணி:
மே லீவில் பிள்ளைகளை மதுரை பரவையில் இருக்கிற அதிசயம் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போக யோசனை. சின்னவனுக்கு 3 வயசு, நடுவுள்ளவளுக்கு 8, பெரியவனுக்கு 14. இராமநாதபுரம் பக்கத்துல இருந்து பெரியவங்க ரெண்டு பேர்தான் வர்றோம், அன்னைக்கே திரும்பணும். சின்னவனை விட்டுட்டுப் போறதா, எல்லாரும் சேர்ந்து போறதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடகடல்:
சின்னவனை விட்டுட்டுப் போங்க. இராமநாதபுரத்துல இருந்து மதுரை ஏறக்குறைய 115 கிலோமீட்டர். பரவை மதுரைக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் ரோட்டுல. ரிங் ரோட்டைப் பிடிச்சாலும் கிட்டத்தட்ட மூணு மணி நேரம். போக வர ஆறு மணி நேரம் மூணு வயசுப் பிள்ளை வண்டியில கிடக்கணும். மத்தியானம் 12 மணி ஆனா அவனுக்குத் தூக்கம் வந்துடும், ஒரு ஆள் அவனை மடியில போட்டுக்கிட்டு நிழல்ல உட்காரணும். மிச்சம் ஒரே ஆள். பெரியவன் ஏறுற சறுக்குல 8 வயசுக்காரியை விடமாட்டாங்க, அவ ஏறுறதுல அவனுக்கு அஞ்சு நிமிஷத்துல சலிச்சுடும். ஒரே ஆள் ரெண்டு இடத்துல எப்படி நிக்கிறது?

சின்னவனுக்கு நம்ம இராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரை போதும். மே மாசம் கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து எழும்பினா தென்கடல்தான் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், அரியமான் இருக்கிற வடகடல் (பாக் விரிகுடா) குளம் மாதிரி கிடக்கும். சவுக்கு நிழலும் உண்டு. மூத்த பிள்ளைங்க ரெண்டு பேரையும் இன்னொரு நாள் மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க.

கீழக்கரை லாத்தா:
வடகடல் தம்பி, ஆள் கணக்கு சரி, முடிவு சரியில்ல. பூங்காக் குளத்துல ஆழம் எழுதின பலகை இருக்கு, கயிறு இருக்கு, விசிலோட ஆள் நிக்கிறாரு. கடல்ல எங்க பள்ளம்னு யாரும் எழுதி வைக்கல. சேத்துல திருக்கை படுத்திருக்கும், சொறி (ஜெல்லி மீன்) மிதந்து வரும். அதை விடவா குளம் ஆபத்து?

திருப்புல்லாணி, பிள்ளைகளை வயசால பிரிக்காதீங்க, உயரத்தால பிரிங்க. பூங்காக்கள்ல சவாரிக்குப் பெரும்பாலும் 120, 140 சென்டிமீட்டர்னு கோடு போட்டிருப்பாங்க. பல இடத்துல டிக்கெட்டே உயரத்தை வச்சுத்தான். கிளம்புறதுக்கு முந்தின வாரமே அளந்துடுங்க: செருப்பில்லாம, குதிகால் சுவரை ஒட்டி, தலைமேல ஒரு புத்தகத்தைப் படுக்க வச்சு அதோட அடிவிளிம்புல பென்சில் கோடு. எதுல ஏற விடமாட்டாங்கன்னு வீட்டுலயே பிள்ளைகிட்டச் சொல்லிடணும். வரிசையில அரை மணி நேரம் நின்னபிறகு திருப்பி அனுப்பினா அன்னைக்கு முழுக்க அழுகைதான்.

கதவு திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் பெரிய சறுக்குகள்ல வரிசை குறைவா இருக்கும். பெரியவனோட ஒரு ஆள் அங்க போகட்டும். இன்னொரு ஆள் மத்த ரெண்டு பேரோட குழந்தைகள் குளத்துல. பிறகு ஆள் மாறிக்கங்க. 12 மணிக்குச் சாப்பாடு. சின்னவன் தூங்குற நேரத்துல மத்த ரெண்டு பேரும் அலைக்குளத்துக்குப் போகலாம், அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுற இடம் அது ஒண்ணுதான். சுத்துற சவாரி எல்லாம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு. பெரியவன் தனியாப் போனா கையில தண்ணி புகாத வாட்ச் கட்டி விடுங்க, மணிக்கு ஒரு தடவை குறிச்ச இடத்துல வந்து தலையைக் காட்டணும்.

ராட்டின மெக்கானிக்:
உயரத்துக்குப் போட்ட கோடு வெறும் அதிகாரம்னு நினைச்சு, "அஞ்சு சென்டிமீட்டர்தானே, விடுங்க"ன்னு கேட்டு நிக்கிறாங்க. அது எதுக்குன்னு சொல்றேன். மடிமேல இறங்குற கம்பி இடுப்பெலும்பைப் பிடிக்கணும். குள்ளமான பிள்ளைக்கு அது வயித்துமேல நிக்கும், வண்டி சாயும்போது உடம்பு கம்பிக்கு அடியில வழுக்கி இறங்கிடும்.

அதை விட மோசம், ரெண்டு பேருக்கு ஒரே கம்பி இருக்கிற சீட்டுல அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்றது. கம்பி அப்பா தொடையில முட்டி நின்னுடும், பிள்ளை மடிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. பக்கத்துல பெரியவர் இருக்காருன்னு தைரியமா இருப்பாங்க, ஆனா அவராலதான் கம்பி இறங்கல. ஆளுக்கொரு கம்பி இருக்கிற சவாரியா பாருங்க.

வட்டமா சுத்துறதுல கனமான ஆள் வெளிப்பக்கம் உட்காரணும். வேகம் எடுத்தா எல்லாரையும் வெளிப்பக்கமாத்தான் தள்ளும், சின்னப்பிள்ளை வெளியில இருந்தா நசுங்கும். கப்பல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுற கொலம்பஸ்ல ரெண்டு முனையும்தான் ரொம்ப உயரம் போகும், 8 வயசுக்கு நடு வரிசை. ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு திருவிழாவுக்கு வர்ற ராட்டினத்துக்கும் இதே விதிதான். அங்க கூடுதலா, பெட்டிக் கதவோட கொக்கியில பின் மாட்டியிருக்கான்னு கையால இழுத்துப் பாருங்க.

இன்னொண்ணு. சறுக்குல சின்னப்பிள்ளையை மடியில வச்சு இறங்காதீங்க. பிள்ளையோட கால் சறுக்கு ஓரத்துல பிடிச்சு நிக்கும், பின்னால பெரியவர் கனம் தள்ளும். முழங்காலுக்குக் கீழ எலும்பு முறியும். தனியா இறங்குற பிள்ளைக்கு இது அபூர்வம், ஏன்னா தள்ளுற கனம் கிடையாது.

வடகடல்:
லாத்தா, விசில்காரர் இருக்காருங்கிற தைரியம்தான் எனக்குப் பயம். மூழ்குற பிள்ளை கத்தாது. மூச்சு வாங்கவே நேரம் பத்தாது, எங்க கத்துறது? தலை பின்னால சாஞ்சு வாய் தண்ணி மட்டத்துல இருக்கும், கை தண்ணியை அமுக்கும். பார்க்கிறவங்களுக்கு விளையாடுற மாதிரிதான் தெரியும். முழங்கால் ஆழத்துலயும் சின்னவன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், நாற்காலியில உட்கார்ந்து பார்க்கிறது கணக்கில்ல. கையில மாட்டுற காத்துப்பையை நம்பாதீங்க, ஈரத்துல நழுவும்.

நீல நிற உடையும் வேண்டாம். குளத்தோட அடியும் நீலம்தான், பிள்ளை உள்ள போனா கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, பளிச் மஞ்சள் போடுங்க.

குளிரையும் யோசிங்க. மே வெயில்லயும் சின்ன உடம்பு தண்ணியில சீக்கிரம் சூட்டை இழக்கும். அரை மணிக்கு ஒரு தடவை வெளிய எடுத்துத் துவட்டணும். உதடு நீலமானாலோ பல்லு அடிச்சாலோ மறுபடி இறக்கக் கூடாது. இவ்வளவையும் ரெண்டே ஆள் பார்க்கணும்னா முடியாதுங்கிறதுதான் என் வாதம்.

கீழக்கரை லாத்தா:
நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் அரியமானுக்கும் பொருந்தும் தம்பி. குளிர் விஷயத்தை ஒத்துக்கிறேன், நான் விட்டுட்டேன்.

உடுப்பு பத்தியும் சொல்லிடறேன், நம்ம ஊர்ப் பொம்பளைங்க அதுலதான் வாசல்ல தடுமாறுறாங்க. பருத்தி உடுப்போட தண்ணியில இறங்க விடமாட்டாங்க. நூல் பிரிஞ்சு வடிகட்டியை அடைக்கும், தண்ணி குடிச்சுக் கனத்துடும். ஜிப், உலோகப் பொத்தான் சறுக்கைக் கீறும். முழுக்கை, முழங்கால் மறைக்கிற நைலான் லைக்ரா நீச்சல் உடையா எடுத்துக்கங்க. தாவணி, துப்பட்டா, தொங்குற நாடா எதுவும் சறுக்குல ஆகாது. சின்னவனுக்குச் சாதா டயப்பர் போட்டுத் தண்ணியில விட்டா ஊறி உருண்டை ஆயிடும். நீச்சல் டயப்பர் வேற. அது மூத்திரத்தைத் தாங்காது, மலத்தை மட்டும்தான் தாங்கும், அதனால அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கணும். நாலு எடுத்துக்கங்க.

பரமக்குடி பைபாஸ்:
ரெண்டு பேரும் குளத்தைப் பேசுறீங்க, ரோட்டைப் பேசல. விடியக்காலை 5 மணிக்குக் கிளம்பி மானாமதுரையில ஒரு நிறுத்தம். ஓடுற வண்டியில பிள்ளை கையில போன் குடுக்காதீங்க. கண்ணு அசையாத எழுத்தைப் பார்க்குது, காது அசைவை உணருது, அதுல வர்றதுதான் வாந்தி.

திரும்பி வர்றதுதான் நிஜமான ஆபத்து. நாள் முழுக்க வெயில்லயும் தண்ணியிலயும் ஆடினவர் ராத்திரி ஸ்டியரிங் பிடிச்சா திருப்புவனம் தாண்டுறதுக்குள்ள கண்ணு சொருகும். ஓட்டுறவர் 3 மணிக்கு மேல தண்ணியில இறங்கக் கூடாது, அரை மணியாவது தூங்கணும். 5 மணிக்கு வாசலை விட்டு வெளிய வந்துடுங்க.

திருப்புல்லாணி:
எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். சின்னவன் 91, மகள் 122, பெரியவன் 156. பிள்ளைகளோட சித்தப்பாவையும் கூப்பிட்டிருக்கேன், அவர் சின்னவனோட மட்டும் இருப்பார், திரும்பும்போது வண்டியும் அவர்தான் ஓட்டுவார்.

ராட்டின மெக்கானிக்:
மகள் தலையில கொண்டை இருந்ததா? அவிழ்த்துட்டு அளங்க. வாசல்ல உயரம் அளக்குற கட்டை மண்டையோட்டுல படணும், முடியில இல்ல.

வடகடல்:
மூணாவது ஆள் வந்தா நான் எதிர்க்கல. ஆனா மூணு வயசுக்கு அந்த ஆறு மணிநேரப் பயணம் அதிகம்தான், அதை மாத்திக்க மாட்டேன்.

இன்னொரு நாள் அரியமான் வந்தா ரெண்டு விஷயம். தண்ணிக்குள்ள காலைத் தூக்கி வைக்காம மணலை உரசி நடங்க, திருக்கை அதிர்வு தெரிஞ்சு விலகிடும். சொறி பட்டா கடல் தண்ணியாலயே கழுவுங்க, நல்ல தண்ணியும் ஊத்தக் கூடாது, மணலாலயும் தேய்க்கக் கூடாது. தனுஷ்கோடி அரிச்சல்முனையில மட்டும் பிள்ளைகளைக் கடல்ல இறக்காதீங்க, ரெண்டு கடலும் சேர்ற இடத்துல இழுப்பு பெரியவங்களையே சாய்க்கும்.